கடினம்: ஒன்று

கடலூரில் ஏறினால் வேப்பூருக்கு இரண்டரை மணி நேரம்.
அதே வழியை மண் கடந்து வர
இருநூற்றைம்பது கோடி ஆண்டு.
கடலோரம் நேற்றைய மணல்,
முந்திரிக்குக் கீழே செம்பாறை,
நெய்வேலியில் எரியாமல் மிச்சமிருக்கும் காடு,
விருத்தாசலம் தாண்டிக் கரிசல்,
கடைசியில்
எல்லாவற்றுக்கும் மூத்த பாறை.
நடத்துநர் ஐந்து ரூபாய் பாக்கி வைத்திருந்தார்.
அதற்காகத்தான் தூங்காமல் வந்தேன்.
இறங்கும்போது மறந்துவிட்டேன்.

தேவநாதன் பைக்கோடு நின்றிருந்தார்.
"மேடம், கல்லைக் காணோம்" என்றார்,
மாட்டைத் தொலைத்தவர் மாதிரி.

குழி அரை ஏக்கர்கூட இல்லை. நாற்பதடி ஆழம்.
அடியில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு செருப்பு.
பொக்லைன் டீசலில்லாமல் தலைகுனிந்திருந்தது.
மேலே ஆறு பெண்கள்
கல்லை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
வெள்ளை, பவுடர் கம்பெனிக்கு.
சாம்பல், பெயிண்டுக்கு.
துரு ஏறியது யாருக்குமில்லை, அதுதான் பெரிய குவியல்.
புருவம், இமை, மூக்குத்தித் திருகு
எல்லாவற்றிலும் வெள்ளை படிந்து
அவர்கள் யாருக்கும் வயது தெரியவில்லை.

ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினேன்.
கோடு விழுந்தது.
மாக்கல்.
பத்துவரை எண்ணுகிற அட்டவணையில்
இதற்குக் கீழே எண் கிடையாது.

வெந்நீர் செய்த வேலை இது.
ஆழத்தில் கிடந்த கரும்பச்சைப் பாறையின் விரிசலுக்குள்
மணல் கரைந்த சூட்டுத் தண்ணீர் புகுந்து
அவசரமே இல்லாமல் ஆளை மாற்றிவிட்டது.
பாறை தன் இரும்பை ஓரமாகத் துப்பியது.
ஏடு ஏடாகப் பிரிந்து படுத்தது.
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கக் கற்றுக்கொண்டது.

"நரம்பு மாதிரி ஓடாதுங்க இது" என்றேன்.
பைக் டேங்க் தூசியில் வரைந்து காட்டினேன்:
"பலாக்கொட்டை. நடுவில் பருத்து
ரெண்டு முனையும் ஒடுங்கிப்போகும்.
வடக்கு முனை போன வருஷமே முடிஞ்சிருக்கு.
தெற்கே நேற்று ஒரு முழம் இருந்ததா?
இன்னைக்கு ரெண்டு விரல்."

அவர் பண்ருட்டிக்காரர்.
"ஒரு பழத்துல ஒரே கொட்டையா மேடம் இருக்கும்?"

படித்ததில் இதற்குப் பதில் இல்லை.
எட்டு இடத்தில் துளையிட்டுப் பார்க்கலாம், பணம் வேண்டும் என்றேன்.
பணம் என்றதும் அவர் சாமியிடம் போனார்.
கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருக்கிறாராம்.
வேலில் சீட்டு தொங்குகிறது. எதிரி பெயர்: பூமி.
கோயிலிலிருந்து குழிவரை
கிலோமீட்டர் கணக்குப் போட்டுப் படிக்காசும் கட்டியாயிற்று.
ஆழத்துக்குக் கட்டினாரா என்று கேட்க வாய் வந்தது,
கேட்கவில்லை.

அவர் போன் பேச நகர்ந்தபோது
கொளஞ்சியம்மாள், சல்லடையை நிறுத்தாமல்,
"நாங்களும் கட்டியிருக்கோம்" என்றாள்.
"ஏழு வாரக் கூலி. அதே வேல்தான்.
அவரு சீட்டு எங்க சீட்டுக்கு மேல கெடக்கு,
சாமி அதத் தூக்கித்தான் இதப் படிக்கணும்."

பிறகு என் கையைப் பார்த்து:
"கல்லுக்கு ஒண்ணுன்னீங்களே, நகத்துக்கு எத்தினி?"
"இரண்டரை."
"அப்ப கல்லவிட நாங்க கெட்டி"
என்று இருமினாள். மற்ற ஐவரும் சிரித்தார்கள்,
சிரிப்பிலும் தூள் பறந்தது.

அறிக்கைப் படிவத்தில் கட்டங்கள் உண்டு.
நீளம் நாற்பத்தொன்று. அகலம் ஒன்பது.
எஞ்சிய இருப்பு: நூற்றிருபது டன், பெரும்பாலும் துரு.
கீழே, எந்தக் கட்டத்திலும் சேராத இடத்தில்,
ஆறு பேர், ஏழு வாரம் என்று எழுதினேன்.
சாட்சி யாரென்று சாமி கேட்டால்
என் பெயரும் மஞ்சக்குப்பம் முகவரியும்
அதே தாளில் இருக்கின்றன.

திரும்பும் பேருந்தில் அதே நடத்துநர்.
கேட்காமலே பாக்கியை நீட்டினார்.
விரலெல்லாம் மாக்கல்;
நாணயம் நழுவி இருக்கைகளுக்கு அடியில் உருண்டது.
நெய்வேலி வரும்வரை
குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.